கருவின் மாற்றமும் பழைய பாத்தியதையும்

கொல்லிமலையின் மேல் பரந்து கிடக்கும் நாடுகளுள் ஒன்றான பெரக்கரை நாட்டின் பெயர், அதை ஆண்டவர்களும் அது அடங்கியிருந்த நிர்வாகப் பிரிவுகளும் காலந்தோறும் மாறிய பின்னும், குடிகளின் வாய்ச்சொல்லில் மாறாமல் வழங்கி வருகிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டினத்து உடன்படிக்கையால் சேலம் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குப் போயிற்று, பின்னர் சென்னை ராஜதானியின் கலெக்டர்கள் வந்தார்கள், சுதந்திரம் வந்தது, 1997ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இத்தனைக்கும் பிறகு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, பெரக்கரை நாடு என்று பழைய காலத்தில் வழங்கிய பிரிவுகள் இன்றைய ஊராட்சிகளின் பெயர்களாகவே நிலைத்திருக்கின்றன. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்ற ஐதிகத்தைப் போற்றும் மலையாளிப் பழங்குடி மக்கள், மேலே சர்க்கார் எத்தனை முறை உருமாறினாலும், தங்கள் விலாசத்தை அந்தப் பழைய பெயராலேயே எழுதுகிறார்கள். பட்டாவும் சாதிச் சான்றும் ரேஷன் அட்டையும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கின்றன. நிர்வாகத்தைச் சீர்திருத்த வேண்டியவர்கள் சீர்திருத்திக்கொண்டார்கள். அதற்காகக் குடியானவன் தன் ஊர்ப்பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது எழுதப்படாத நியதியாக இருந்திருக்கிறது.

இதே நியதியை, இம்மலையை ஒருநாளும் கண்டிராத சிலர், முற்றிலும் வேறான ஒரு துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அனுசரித்து வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பின் பயன் கொல்லிமலைக்கும் வந்து சேர்ந்தது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணாவின் பிறந்தநாளில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஒரு பக்கமும், சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கி 2007இல் வெளியிடத் தொடங்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ் தொகுப்பு மறுபக்கமும் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். லினக்ஸைத் தேர்ந்த மாணவனுடைய கணினியில் முதலில் கண்விழித்தது, லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எழுதத் தொடங்கிய கெர்னல்.

கெர்னல் என்பதை இக்கட்டுரையில் கரு என்றே வழங்குவோம். கணினியின் நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகிய சகல சாதனங்களும் கருவின் ஆதிக்கத்தில் இருக்கின்றன. கடிதம் எழுதும் நிரலோ, கணக்குப் போடும் நிரலோ, பாட்டு ஒலிக்கும் நிரலோ எதுவானாலும், தன்னிச்சையாக வட்டில் ஓர் எழுத்தைக்கூடப் பதிக்க முடியாது. கருவிடம் விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு ஒரு முறை உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 32 பிட் செயலியில், நிரலானது, செயலிக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்களான பதிவகங்களுள் குறிப்பிட்ட ஒன்றில் 4 என்ற எண்ணை வைத்து, எதை எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்ற விவரங்களை அடுத்த பதிவகங்களில் வைத்து, 128ஆம் எண்ணுள்ள குறுக்கீட்டை எழுப்பினால், கரு விழித்துக்கொண்டு, ‘இவன் எழுதச் சொல்கிறான்’ என்று உணர்ந்து அந்தக் காரியத்தை முடித்துக் கொடுக்கும். படிப்பதற்கு 3, கோப்பைத் திறப்பதற்கு 5, மூடுவதற்கு 6. 1991 செப்டம்பரில் வெளிவந்த 0.01 என்ற முதற்பதிப்பிலேயே இந்த எண்கள் இப்படித்தான் இருந்தன. அன்று சில ஆயிரம் வரிகளே இருந்த அந்தக் கரு, இன்று கோடிக்கணக்கான வரிகளாக வளர்ந்து, அதன் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை ஒன்றுக்குப் பலமுறை அடியோடு மாற்றி எழுதப்பட்டுவிட்டன. 64 பிட் செயலிகளுக்கெனப் புதிய எண்வரிசையும் ஏற்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய 32 பிட் நிரல் ஒன்று வந்து 4 என்று சொன்னால், எழுதுவதற்குத்தான் கேட்கிறது என்று கரு இன்றும் அறிந்துகொள்கிறது.

கருவை மேம்படுத்துவது அத்தியாவசியம். புதிய சாதனங்கள் வருகின்றன. பாதுகாப்பில் ஓட்டைகள் தெரியவருகின்றன. முன்பு அவசரத்தில் எழுதியதை இப்போது அழகாகவும் வேகமாகவும் எழுத முடிகிறது. இருந்தும் ஒவ்வொரு மேம்பாடும், அந்தக் கருவை நம்பி என்றோ எழுதப்பட்டு, எழுதியவரே மறந்துபோன ஏதோ ஒரு நிரலை முடக்கிவிடக்கூடும். அப்படி முடங்கினால் குற்றம் யாருடையது? நிரலை எழுதியவர் விதிமுறைகளைச் சரிவரப் படிக்கவில்லை, ஆகவே அவரே திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்வது தர்க்கத்துக்கு ஒத்ததாகத் தோன்றும். மென்பொருள் ஸ்தாபனங்கள் பல அப்படித்தான் சொல்லி வந்திருக்கின்றன. டோர்வால்ட்ஸ் அதற்கு நேர்மாறான தர்மத்தைக் கைக்கொண்டார். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று கருவை மாற்றியதால் ஓடவில்லையென்றால், அந்த நிரல் எவ்வளவு பிழைபட எழுதப்பட்டிருந்தாலும், பிழை கருவினுடையது. மாற்றியவரே அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். இதுவே அவர் வகுத்த நியதி.

இது வெறும் உபதேசமாக நின்றுவிடவில்லை என்பதற்கு அந்தக் கருவின் சரித்திரத்தில் பல சம்பவங்கள் சாட்சி சொல்கின்றன. 2011 ஜூலையில், 2.6 என்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பதிப்பெண் வரிசையை முடித்து, 3.0 என்று பெயரிட்டு ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். உள்ளே புரட்சி எதுவும் இல்லை. எண் நீண்டுவிட்டதே என்று சுருக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த எண் மாற்றமே சில நிரல்களை நிலைகுலையச் செய்தது. கருவின் பதிப்பெண் என்றும் ‘2.6’ என்றே தொடங்கும் என நம்பி அவற்றை எழுதியிருந்தார்கள். அப்படி நம்பியது மடமை என்று யாரும் சொல்லலாம். சொல்லி ஒதுக்கிவிடாமல், அத்தகைய நிரல் கேட்டால் மட்டும் தன் பதிப்பெண்ணை 2.6.40 என்பது போலச் சொல்லும் ஒரு வசதியை அடுத்த பதிப்பிலேயே கருவுக்குள் சேர்த்தார்கள்.

இதைக் காட்டிலும் விசித்திரமானது ‘போகோமிப்ஸ்’ என்ற எண்ணின் கதை. கணினி விழித்தெழும்போது தன் வேகத்தைத் தோராயமாக அளந்து கரு குறித்துக்கொள்ளும் எண் இது. செயலியின் உண்மையான திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை, போலி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கலந்த அதன் பெயரே ஒப்புக்கொள்கிறது. கைபேசிகளில் பெரிதும் வழங்கும் ஆர்ம் வகைச் செயலிகளுக்கான கருவிலிருந்து, பயனற்றது என்று கருதி, 2013இல் அந்த எண்ணைக் காட்டும் வரியை நீக்கினார்கள். அந்த வரியைப் படித்து எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்த நிரல்கள் இருந்ததால், 2015இல் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். பொருளற்ற ஒரு வரியைக்கூட, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். காப்பாற்ற வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். பொருள் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை உள்ளிருந்து மாற்றுபவருக்கு இல்லை. அதை நம்பி வெளியே இருப்பவருடைய பாத்தியதை அது.

2019 செப்டம்பரில் நடந்தது இன்னும் கடினமான சோதனை. 5.3 என்ற பதிப்பு வெளிவரும் தறுவாயில் இருந்தது. வட்டிலிருந்து கோப்புகளைப் படிப்பதில் வீணாக நடக்கும் வேலையைக் குறைத்து, வேகத்தைக் கூட்டும் ஒரு திருத்தம் அதில் இடம்பெற்றிருந்தது. எவ்விதக் குறையும் சொல்ல முடியாத நல்ல திருத்தம். ஆனால் சில கணினிகள் அந்தப் பதிப்பில் எழுந்திருக்கவே மறுத்தன. ரகசியக் குறியீடுகளுக்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கரு, சாதனங்களின் சலனங்களிலிருந்துதான் திரட்டிக்கொண்டிருந்தது. வட்டு அடிக்கடி சலித்துக்கொண்டிருந்தவரை அதற்கு வேண்டிய தீனி கிடைத்தது. வட்டின் சலனம் குறைந்ததும் தீனியும் குறைந்து, உள்நுழைவுத் திரையைக் காட்ட வேண்டிய நிரல் தற்செயல் எண்ணுக்காகக் காத்து நின்றுவிட்டது. வட்டுத் திருத்தத்தில் பிழையில்லை. காத்து நின்ற நிரல்தான் தொடக்கத்திலேயே கேட்கக் கூடாததைக் கேட்டது. இருந்தும் டோர்வால்ட்ஸ் அந்த நல்ல திருத்தத்தையே திரும்பப் பெற்று 5.3 பதிப்பை வெளியிட்டார். தற்செயல் எண்களைத் திரட்டும் முறையை அடுத்த பதிப்பில் செப்பனிட்டார்கள்.

எழுந்திருக்க மறுக்கும் கணினி என்றால் நகரத்தில் இருப்பவருக்கு ஒரு மாலைப்பொழுதின் சிரமம். மலைமேல் இருப்பவருக்கு அப்படியில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. பழுதான கணினியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் அவ்வளவு வளைவுகளையும் இறங்கி, நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ பழுது பார்ப்பவரைத் தேடிப் போய், அவர் ‘நாளைக்கு வா தம்பி’ என்று சொன்னால் திரும்ப ஏறி வர வேண்டிய மாணவனுக்கு, பழையதை முறிக்காத கருவின் அருமை, அந்த நியதியை வகுத்தவர்களைவிட நன்றாகத் தெரியும். மாற்றத்தின் பலனை முதலில் அனுபவிப்பவர் மையத்தில் இருப்பவர். மாற்றம் முறித்ததன் சுமையைக் கடைசியாகவும் அதிகமாகவும் சுமப்பவர் தொலைவில் இருப்பவர்.

அந்த நியதியைக் காக்கும் வேகத்தில் டோர்வால்ட்ஸ் எல்லை மீறியதும் உண்டு. 2012 டிசம்பரில், நிழற்படக் கருவிகளுக்கான பகுதியில் செய்த ஒரு திருத்தம், கருவிடமிருந்து வேறுவகையான பிழைச் சேதியைத் திருப்பி அனுப்பச் செய்ததால், ஒலி சம்பந்தமான நிரல்கள் செயலிழந்தன. அப்பகுதியின் பொறுப்பாளர், தவறு நிரல்களுடையது என்றார். டோர்வால்ட்ஸ் மிகவும் கொடிய சொற்களால் அவரை எல்லோருக்கும் முன்பாகக் கண்டித்தார். அந்தத் தீர்ப்பு நியாயமானது. சொன்ன விதம் நியாயமானதன்று. சக ஊழியரை அவமதித்துக் காக்க வேண்டிய தர்மம் எதுவும் இல்லை. 2018 செப்டம்பரில் தம் பேச்சு முறைக்காக அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். நியதி மட்டும் அப்படியே நின்றது.

இந்த நியதி கருவின் வெளிப்புறத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் பலர் மயங்குகிறார்கள். கருவுக்குள்ளே ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு பேசும் முறைகளுக்கு எவ்வித சாசுவதமும் இல்லை. யு.எஸ்.பி. சாதனங்களுக்கான உள்முறை மட்டுமே குறைந்தது மூன்று தடவை அடியோடு மாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் உள்முறையை மாற்ற விரும்புபவர், கருவுக்குள் அதைப் பயன்படுத்தும் அத்தனை இடங்களையும் தாமே தேடித் திருத்திக் கொடுக்க வேண்டும். வெளியே வாக்குறுதியும் உள்ளே சுதந்திரமும் இருப்பதால்தான், முப்பது ஆண்டு வயதான ஒரு கட்டுமானம் மூப்படையாமல் இருக்கிறது. வாக்குறுதிக்கும் எல்லை உண்டு. 1995 வாக்கில் ‘எல்ஃப்’ என்ற புதிய கோப்பமைப்பு வந்த பிறகு வழக்கொழிந்துபோன ‘ஏ.அவுட்’ என்ற பழைய அமைப்பை, கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்திருந்து, அதில் ஓடும் நிரல் ஒன்றையும் வைத்திருப்பார் இல்லை என்று கண்ட பிறகு, 2022இல்தான் நீக்கினார்கள். பயனர் ஒருவர் எஞ்சியிருக்கும்வரை காப்பது, ஒருவரும் இல்லாதபோது கழிப்பது என்ற இந்த விவேகம் எனக்குப் பூரண சம்மதமானது.

நம் தமிழ் இத்தகைய வாக்குறுதி எதுவும் இல்லாத ஒரு காலத்தைக் கடந்து வந்திருக்கிறது. அதன் வடுக்கள் இன்னும் ஆறவில்லை. கனடாவில் ஸ்ரீநிவாசன் 1984இல் ‘ஆதமி’யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’வையும் உருவாக்கியதிலிருந்து, தமிழைக் கணினியில் எழுதும் முயற்சிகள் உலகெங்கும் தனித்தனியாகக் கிளைத்தன. ஸ்விட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவைச் செய்தளித்தார்; ஈழத்தமிழர்களிடையே ‘பாமினி’ பரவிற்று; தமிழகத்து அச்சகங்களும் அலுவலகங்களும் வேறு வேறு எழுத்துருக்களைக் கைக்கொண்டன. முன்னோடிகளான அவர்களுடைய தொண்டு வணக்கத்துக்குரியது. ஆயினும் எழுத்துக்கு என்ன எண் என்பதை ஒவ்வோர் எழுத்துருவும் தன் போக்கில் நிர்ணயித்துக்கொண்டதால், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்கக் கிடைக்கவில்லை. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிச் சேமித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே தெரியும். முழு நூலே இப்படித் தோன்றினால் அந்த நூல் இருந்தும் இல்லாததற்குச் சமம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் விளைவாகத் தமிழக அரசு, எழுத்துகளுக்கு எண் வகுக்கும் ‘டாப்’, ‘டாம்’ என்ற இரு குறியேற்றங்களையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் அங்கீகரித்தது; விசைப்பலகை வாழ்கிறது, குறியேற்றங்கள் மறைந்துவிட்டன.

டோர்வால்ட்ஸ் தம் கருவின் முதற்பதிப்பை வெளியிட்ட அதே 1991இல், அடுத்த மாதத்திலேயே, உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான எண்களை வகுக்கும் ஒருங்குறி என்ற யூனிகோடின் முதற்பதிப்பும் வெளிவந்து, தமிழுக்கு இடம் அளித்தது. க என்ற எழுத்துக்கு 2965, ழ என்ற எழுத்துக்கு 2996 என்று அன்று இட்ட எண்கள் இன்றும் அவையே. ஆனால் இந்த உறுதியை ஒருங்குறிக்காரர்கள் ஒரு பிழை செய்த பிறகுதான் கற்றார்கள். 1996இல் இரண்டாம் பதிப்பில், கொரிய அசையெழுத்துகள் 6,656ஐயும் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட்டு, 11,172 அசைகளாக விரிவாக்கி வேறிடத்தில் வைத்தார்கள். பழைய எண்களில் எழுதிய கொரிய ஆவணங்கள் அனைத்தும் ஒரே நாளில் பொருளிழந்தன. அதன்பின், ஒருமுறை இடம் பெற்ற எழுத்தை நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லை என்று விதி செய்துகொண்டார்கள்.

அந்த விதியால் தமிழுக்கு நன்மையும் உண்டு, நெருடலும் உண்டு. இந்திய அரசின் ‘இஸ்கி’ தரத்தை ஒட்டி, தேவநாகரியின் வரிசையில் தமிழெழுத்துகளை அடுக்கியதால், ன என்பது ந என்பதன் பக்கத்திலும், ற என்பது ர என்பதன் பக்கத்திலும் போய் அமர்ந்தன. ஆய்த எழுத்து விசர்க்கம் என்ற பெயரால் பதிவாயிற்று. தமிழில் வழங்காத அனுஸ்வாரம் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இலக்கணம் அறிந்தவர் எவருக்கும் இவை உறுத்தும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துத் தமிழின் 247 எழுத்துக்கும் முறையான இடமளிக்க வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்துதான் ‘டேஸ்16’ என்ற 16 பிட் குறியேற்றம் பிறந்தது. அதன் ஆதரவாளர்களின் மொழியியல் வாதங்கள் வலுவானவை. கணக்கீட்டில் அது சிக்கனமானது என்பதும் மெய். எனினும் அதற்குள் லட்சக்கணக்கான பக்கங்கள் ஒருங்குறியில் எழுதப்பட்டுவிட்டன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு ஒருங்குறியையே பொதுத்தரமாக ஏற்று, டேஸ்16ஐ மாற்றுத் தரமாக வைத்தது. அது விவேகமான முடிவு. அகரவரிசையை எண்களை நகர்த்தாமலே, தனியான வரிசைப்படுத்தும் அட்டவணையால் சரிசெய்துகொள்ள முடிந்தது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பு, முந்திரி முதலான பின்னங்களுக்கும், குறுணி, பதக்கு முதலான பழைய அளவைகளுக்கும் உரிய குறிகள் 51ஐப் புதியதோர் இடத்தில் சேர்த்தது. எந்தப் பழைய எழுத்தும் இடம்பெயரவில்லை.

மாற்றுகிறவர் சுமக்க வேண்டிய கடமையை நம்மிடையே சரிவரச் செய்தவர்களில் முதன்மையானவர்கள் மதுரைத் திட்டத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த இலவச மின்னூல் திட்டம், ‘திஸ்கி’ என்ற பழைய குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டு வந்தது. ஒருங்குறி பரவியபோது, வாசகர்கள் எப்படியாவது படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல், தன்னார்வலர்களே நூல்களை மாற்றி, இரு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் அவ்வாறு செய்யவில்லை. எழுத்துருவை மாற்றினார்கள்; பழைய கோப்புகளை அப்படியே விட்டுவிட்டார்கள். பாமினி, வானவில் ஆகிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட தீர்மானங்கள், உறுப்பினர் பட்டியல்கள், நிலக்கணக்குகள், ஊர்வரலாறுகள் ஆகியவை பழைய வட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எண் எந்த எழுத்து என்று அறிந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வட்டுகள் மட்டும் என்றென்றும் இருக்கப்போவதில்லை. ஆகவே பழைய எழுத்துருக் கோப்புகளை வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகமும், அவற்றை மாற்றும் செலவைத் தன் செலவாக ஏற்று, மூலக்கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே ஒருங்குறிப் படியையும் வைக்க வேண்டும். அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.